மூட்டையோடு போய்க் கீரையோடு திரும்பலாம்: மயிலாப்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

வீடு மாறி வருகிறவர்கள் கடைசியாகப் பிரிப்பது துணி மூட்டையைத்தான். பாத்திரம் உடனே வேண்டும், அடுப்பு வேண்டும், படுக்கை வேண்டும். யாரும் உடுத்தாத துணிகள் கட்டிய அந்த ஒரு மூட்டை மட்டும் அப்படியே பரணில் ஏறிவிடும். கும்பகோணத்திலிருந்து மயிலாப்பூருக்கு நாங்கள் வந்தபோது ஏறிய மூட்டை இறங்க இரண்டு வருடம் ஆனது. இறக்கிய வேகத்தில், பிரித்துக்கூடப் பார்க்காமல், ஆட்டோவில் போட்டு ஒரு ஆதரவற்றோர் இல்லத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பொறுப்பில் இருந்த பெரியம்மா என் முன்னாலேயே மூட்டையை அவிழ்த்தார். நாடா இல்லாத பாவாடை, ஜிப் போன பேன்ட், கக்கத்தில் கறை படிந்த சட்டை, நூல் நூலாகப் போன துண்டு. ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, கோபமே இல்லாமல், "இதை நான் யாருக்கம்மா கொடுக்கட்டும்?" என்று கேட்டார். ஐம்பது துணியில் ஒன்பதுதான் தேறியது. மீதியை அப்புறப்படுத்தும் வேலையையும் செலவையும் அவர் தலையில் கட்டிவிட்டு வந்தேன் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

அன்றிலிருந்து நான் பழகிக்கொண்ட முறையைத்தான் எழுதுகிறேன். சனிக்கிழமை ஒரு காலைப் பொழுது போதும். துணிக்கும் வழி கிடைக்கும், புதிதாக வந்த இடமும் காலில் பழகும்.

வெள்ளிக்கிழமை ராத்திரி: ஒரு பாய், நாலு குவியல்

கூடத்தில் பாயை விரியுங்கள். எல்லாத் துணியையும் கொட்டுங்கள். பாக்கெட் ஒவ்வொன்றிலும் கையை விட்டுப் பாருங்கள். ரூபாய் நோட்டு, மருந்துச்சீட்டு, ஒருமுறை என் மாமியாரின் ஒற்றைத் தோடு என்று எனக்கு என்னென்னவோ கிடைத்திருக்கிறது.

முதல் குவியல், அப்படியே உடுத்தக்கூடியவை. இதற்கு ஒரே ஒரு கேள்விதான்: நாளைக்கு இதைப் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போவேனா? மாட்டேன் என்றால் அது இந்தக் குவியலில் சேராது. இரண்டாவது, ஒரு பட்டனோ ஜிப்போ நாடாவோ போட்டால் உடுத்தலாம் என்றிருப்பவை. மூன்றாவது, இனி துணியாகத்தான் உதவும் என்பவை. நான்காவது பட்டு. அது கிழிந்திருந்தாலும் சரி, மூன்றாவதோடு கலந்துவிடாதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

உள்ளாடைகள் எந்தக் குவியலிலும் வேண்டாம். பழைய உள்ளாடையை இன்னொருவருக்குக் கொடுப்பது அவரை மதிப்பதாகாது. பருத்தி என்றால் வெட்டித் துடைக்கும் துணியாக நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

இணையாக உடுத்துபவற்றை இணையாகவே கட்டுங்கள். சுடிதாரோடு துப்பட்டா, புடவையோடு அதன் ஜாக்கெட், பள்ளிச் சீருடை என்றால் மேலும் கீழும் சேர்த்து. துப்பட்டா தனியாகப் போய்விட்டால் அந்த சுடிதாரைப் பெறும் பெண் அதை உடுத்துவதற்குள் இன்னொரு செலவு வந்துவிடும். குழந்தைத் துணி என்றால் ஒரு துண்டுக் காகிதத்தில் வயதை எழுதிக் குத்திவிடுங்கள்.

துணி பருத்தியா பாலியஸ்டரா என்று தெரியவில்லையா? ஓரத்தில் ஒரு நூலை உருவி, இடுக்கியால் பிடித்துத் தீக்குச்சியில் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரிவது போல எரிந்து மெல்லிய சாம்பலாகும். பட்டு, முடி கருகிய வாசனையோடு சுருண்டு, விரலில் நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் உருகிச் சின்னக் கெட்டி மணியாக நிற்கும். இது முக்கியம், ஏனென்றால் பாலியஸ்டர் தண்ணீரை இழுக்காது. அதைக் கரித்துணியாக்கினால் அடுப்பு மேடையில் ஈரத்தை அங்கும் இங்கும் தள்ளிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

எல்லாம் துவைத்து, வெயிலில் நன்றாகக் காய்ந்த பிறகே கட்ட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையை எடுத்துக்கொள்ளாதீர்கள். அரை ஈரத்தோடு கட்டிய மூட்டை நாலே நாளில் பூஞ்சை பிடித்து, நல்ல துணியும் சேர்ந்து பாழாகிவிடும். மாசி முதல் வைகாசி வரைக்கும் மொட்டைமாடி வெயிலே பாதி வேலையைச் செய்துவிடும்.

யாருக்கு எது

முதலில் உங்கள் தெருவைப் பாருங்கள். வீட்டு வேலைக்கு வரும் அக்கா, காவல்கார அண்ணன், தெருமுனையில் இஸ்திரி போடுபவர். அவர்களுக்குக் கொடுப்பது தவறில்லை. கொடுக்கும் விதம்தான் முக்கியம். "இதை எடுத்துட்டுப் போ" என்று பையை நீட்டாதீர்கள். துணிகளை மடித்து நாற்காலியில் வைத்து, "அக்கா, இதுல உங்களுக்கு எது சரியா இருக்கும்னு பாருங்க, வேண்டாம்னா பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்றால் வேண்டாததையும் வேண்டும் என்று எடுத்துக்கொள்வார்கள். தீபாவளிக்குக் கொடுப்பது மட்டும் கண்டிப்பாகப் புதுத்துணிதான். பழையதை அந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

இல்லங்களுக்குக் கொடுப்பதாக இருந்தால் போன் செய்யாமல் போகாதீர்கள். பல இடங்களில் துணி தேவைக்கு மேல் இருக்கும். அரிசியோ சோப்போ சானிட்டரி நாப்கினோதான் வேண்டியிருக்கும். கேட்டால் சொல்வார்கள். பழைய துண்டும் போர்வையும் மட்டும் தேறினால் விலங்குக் காப்பகங்களைக் கேட்டுப்பாருங்கள். அடிபட்ட நாய்க்குட்டிக்குக் கிழிந்த டர்க்கி டவல்கூட மெத்தைதான்.

நிறையத் துணி சேர்ந்துவிட்டால் எனக்கு நினைவுக்கு வருவது கூஞ்ச். 1999-இல் அன்ஷு குப்தா டெல்லியில் தொடங்கிய அமைப்பு; 2015-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. சென்னையிலும் துணி வாங்கிக்கொள்கிறார்கள். எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்று அவர்கள் தளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இவர்கள் துணியைத் தானமாக வீசிவிட்டுப் போவதில்லை. ஊர்க்காரர்கள் கூடிக் குளத்தைத் தூர்வாருகிறார்கள், பாதை போடுகிறார்கள் என்றால், அந்த உழைப்புக்கு ஈடாகத் துணி கொடுக்கிறார்கள். வாங்குகிறவர் கை தாழ்வதில்லை. உடுத்த முடியாத பருத்தியை வெட்டிச் சுத்தம் செய்து மாதவிடாய்த் துணி தயாரிப்பதும் அவர்கள் வேலைகளில் ஒன்று.

2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் போனவர்களுக்கு நினைவிருக்கும். நாடு முழுவதிலுமிருந்து லாரி லாரியாக வந்த பழைய துணி சாலையோரத்தில் குவிந்து கிடந்தது. எல்லாவற்றையும் இழந்து நின்ற மீனவக் குடும்பங்கள்கூட அதைத் தொடவில்லை. இழந்தவர்களுக்கும் மானம் உண்டு. அப்படி மிஞ்சிய துணியைப் பின்னால் தரம் பிரித்துப் பயன்படுத்திய வேலையில் கூஞ்சும் இருந்தது.

அப்புறம், பாத்திரக்காரம்மா. தலையில் கூடையோடு, "பழைய துணிக்குப் பாத்திரம், பிளாஸ்டிக் சாமான்" என்று தெருவில் குரல் கேட்டால் கூப்பிடுங்கள். மறுசுழற்சி என்ற சொல் வருவதற்கு முன்பே நம் தெருக்களில் நடந்துகொண்டிருந்த வேலை இது. அவர் திண்ணையில் உட்கார்ந்து துணியைப் பார்ப்பதைக் கவனியுங்கள். சட்டையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நைந்திருக்கிறதா என்று பார்ப்பார். காலரைத் திருப்பிப் பார்ப்பார். பேன்ட்டை முழங்காலில் இரண்டு கையாலும் இழுப்பார். மூன்று நொடிகூட ஆகாது. நமக்குக் குப்பையாகத் தெரிவதில் எது இன்னொரு தையலுக்குத் தாங்கும் என்று அவருக்குத் தெரியும். ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டுக்காக அவரிடம் கறாராகப் பேரம் பேச வேண்டாம். அந்தத் துணியைத் துவைத்து, தைத்து, சந்தையில் விற்று அவர் காசு பார்ப்பதற்குள் எத்தனையோ பாடு இருக்கிறது.

மூன்றாவது குவியலுக்கு வருவோம். பழைய பனியன், டி-ஷர்ட் எல்லாம் மெக்கானிக் கடைக்குத் தேவை. எண்ணெய் துடைக்க அவர்கள் 'பனியன் வேஸ்ட்' என்று எடை போட்டுக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். நீங்கள் வெட்டி ஒரு பையில் கொடுத்தால் மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்வார்கள். பட்டன், ஜிப் இருக்கக் கூடாது, வண்டியில் கீறல் விழும். நைந்த வேட்டியும் நூல் புடவையும் இருந்தால் அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள். உறவில் யாருக்காவது பிரசவ நேரம் என்றால் பிறந்த குழந்தைக்கு அதைவிட மெத்தென்ற துணி கடையில் கிடைக்காது. தூளிக்கும் பழைய நூல் புடவைதான். கோடையில் வடாம் பிழிய ஒரு வேட்டி, நவராத்திரியில் கொலுப்படிக்கு விரிக்க இன்னொன்று. என் அப்பாவின் வேட்டி ஒன்று அவர் காலமாகி ஏழு வருடமாக எங்கள் மாடியில் வடாம் காய்கிற வேட்டியாக இருக்கிறது. காலமானவர்களின் துணியைப் பற்றி ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வழக்கம் உண்டு. பெரியவர்களைக் கேட்டுவிட்டு அதன் பிறகு கை வையுங்கள்.

திருப்பூரைப் பற்றிப் பலரும் கேட்பார்கள்: அங்கே துணியை மறுபடி நூலாக்குகிறார்களே, நம் துணியைக் கொடுக்க முடியாதா? அங்கே பெரும்பாலும் நூலாவது பனியன் கம்பெனிகளில் விழும் கட்டிங் வேஸ்ட். நிறம் நிறமாகப் பிரித்து, பஞ்சாகப் பிய்த்து, ஓ.இ. (ஓபன் எண்ட் என்ற நூற்பு முறை) மில்களில் நூற்கிறார்கள். துணி ஏற்கெனவே சாயம் ஏறியது என்பதால் அந்த நூலுக்குப் புதிதாகச் சாயம் போடாமலே விதவிதமான நிறம் கிடைக்கிறது. நாம் உடுத்திய துணியில் பட்டனும் லேபிளும் எலாஸ்டிக்கும் பலவகை நூலும் கலந்திருப்பதால் அதைப் பிரிப்பதுதான் சிரமம். வடக்கே பானிப்பட்டில் பழைய கம்பளித் துணியைப் பிய்த்துப் போர்வை நெய்வது பெரிய தொழில். ஆனால் ஒரு வீட்டு மூட்டைக்கு இதெல்லாம் நேர்வழி இல்லை.

பட்டுப் புடவை தனிக் கணக்கு

'பழைய பட்டுப் புடவை வாங்கப்படும்' என்ற பலகையை மயிலாப்பூரில் பார்ப்பீர்கள். அவர்கள் வாங்குவது புடவையை அல்ல, ஜரிகையை. அசல் ஜரிகையில் நடுவே பட்டு நூல், அதைச் சுற்றித் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பி, மேலே மெல்லிய தங்க முலாம். புடவையை எரித்து அந்த வெள்ளியைப் பிரித்தெடுப்பார்கள். அதனால் உடல் முழுக்க இற்றுப்போன புடவைக்கும் விலை உண்டு.

போவதற்கு முன் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். முந்தானை ஓரத்தில் ஒரு ஜரிகை இழையை நகத்தால் சுரண்டுங்கள். உள்ளே சிவப்பு நூல் தெரிந்தால் பெரும்பாலும் அசல். வெள்ளையாகத் தெரிந்தால் அது பிளாஸ்டிக் ஜரிகை. அதற்காக அலைய வேண்டாம். வெள்ளி விலையை அன்றைக்குப் பார்த்துக்கொள்ளுங்கள், எடை போடுவதைக் கண்ணால் பாருங்கள், இரண்டு கடையிலாவது கேளுங்கள். நான் முதல் தடவை விவரம் தெரியாமல் ஒரே கடையில் கேட்டு, சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். கடைக்காரர் எடைத் தட்டை என் பக்கம் திருப்பக்கூட இல்லை.

ஆனால் விற்பதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள். கரை நன்றாக இருந்து உடல் மட்டும் ஆங்காங்கே விட்டிருந்தால், பேத்திக்கு ஒரு பட்டுப் பாவாடை தாராளமாகத் தேறும். என் தோழி தன் அம்மாவின் அரக்குப் புடவையில் மூன்று குழந்தைகளுக்குப் பாவாடை தைத்தாள். மிஞ்சிய கரைத் துண்டு கொலுப் பொம்மைக்கு மாராப்பாகப் போனது.

எதற்கும் ஆகாதது

எண்ணெய்ப் பிசுக்கு ஏறியது, சாக்கடைத் தண்ணீர் பட்டது, பாலியஸ்டர் கந்தல், உள்ளே பஞ்சு அழுகிய தலையணை: இவை மாநகராட்சிக்குத்தான். வீட்டில் கிடக்கும் பழைய சோபா, மெத்தை, துணி ஆகியவற்றைச் சனிக்கிழமைகளில் வந்து எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டை மாநகராட்சி 2025 அக்டோபரில் தொடங்கியது. 1913-க்குப் போன் செய்து பதிவு செய்யலாம். காய்கறிக் குப்பையோடு சேர்த்துப் போட்டுவிடாதீர்கள். ஈரத்தில் ஊறிய துணியைக் குப்பையிலிருந்து உருவி எடுப்பது தூய்மைப் பணியாளர்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று ஒரு நாள் நின்று பார்த்தால் தெரியும். அது அப்படியே போனால் கொடுங்கையூர் குப்பைக் கிடங்கிலோ பெருங்குடிக் கிடங்கிலோ மலையோடு மலையாகச் சேரும்.

போகிக்கு எரிக்கவும் வேண்டாம். 2018 போகியன்று புகைமூட்டத்தில் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் திணறின. விமானத்தை விடுங்கள், உங்கள் தெருவில் மூச்சிரைப்பு உள்ள ஒரு தாத்தாவாவது இருப்பார். அந்த நாட்களில் பழையவற்றை எரிக்காமல் தங்களிடம் கொடுக்கச் சொல்லி மாநகராட்சியே கேட்கிறது.

சனிக்கிழமை காலை: மூட்டையை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்

பை ஒன்று வேண்டும். பழைய படுக்கை விரிப்பில் தைத்ததாக இருந்தால் நல்லது. 2019 முதல் நாளிலிருந்து தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் வந்தது. மாட வீதிகளின் நடைமேடையிலும் சந்துகளிலும் தையல் மெஷினோடு உட்கார்ந்திருக்கும் தையல்காரர்களில் ஒருவரிடம் இரண்டாவது குவியலையும் அந்த விரிப்பையும் கொடுத்தால் எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். ஜிப் மாற்றுவது, பேன்ட் நீளம் குறைப்பது, புடவைக்கு ஃபால்ஸ் என்று சின்ன வேலைகளை நின்றுகொண்டிருக்கும்போதே செய்து கொடுப்பவர்கள் உண்டு. பைக்குக் கைப்பிடி அகலமாக, இரட்டைத் தையலாகப் போடச் சொல்லுங்கள். பூசணிக்காய் தூக்கும்போது தெரியும்.

வெளியிலிருந்து வருபவர்கள் பறக்கும் ரயிலில் திருமயிலையில் இறங்கலாம். கார் எடுத்து வராதீர்கள். மெட்ரோவின் இரண்டு தடங்கள் இங்கே சந்திக்கப்போவதால் லஸ் பக்கம் தோண்டலும் வழிமாற்றமுமாக இருக்கிறது. ஏழு மணிக்கெல்லாம் வந்துவிடுங்கள். பத்துக்கு மேல் வெயிலும் கூட்டமும் சேர்ந்துகொள்ளும்.

முதலில் குளத்தங்கரை. கபாலீசுவரர் கோயிலின் உயரமான கோபுரம் கிழக்கே இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் அதையே நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஆனால் சுவாமி பார்ப்பது மேற்கே, குளத்தை. அதனால் மேற்குப் பக்கமும் வந்து நில்லுங்கள். காலை வெளிச்சத்தில் குளம், மைய மண்டபம், பின்னால் கோபுரம் என்று எல்லாம் ஒரே பார்வையில் தெரியும் இடம் அது. உள்ளே போனால் புன்னை மரத்தடியையும் பார்க்கத் தவறாதீர்கள். அம்பாள் மயிலாக வந்து பூஜித்த கதை அங்கேதான். ஊரின் பெயரே அதிலிருந்து வந்தது.

கும்பிட்டுவிட்டு வெளியே வந்ததும் பசிக்கும். அருண்டேல் தெருவில் ராயர் மெஸ் மிகச் சின்ன இடம். உட்கார்ந்திருப்பவர் எழும்வரை வாசலில் நிற்க வேண்டியிருக்கும். நிற்கலாம், பொங்கலும் கெட்டிச் சட்னியும் அதற்குத் தகுந்தவை. வெயில் ஏறியிருந்தால் மாட வீதியில் காளத்தி கடை ரோஸ்மில்க். பத்திரிகை விற்கும் கடை அது. பாட்டி காலத்திலிருந்து இங்கே வளர்ந்தவர்கள் எல்லோருக்கும் அந்த ரோஸ்மில்க்கோடு ஒரு கதை உண்டு. கச்சேரி சாலைப் பக்கம் போனால் டப்பா செட்டி கடையில் சுக்கு, திப்பிலி, கண்டந்திப்பிலி என்று நாட்டு மருந்துச் சரக்கு எல்லாம் கிடைக்கும். தீபாவளி மருந்துக்கு இங்கேதான் வாங்குவேன்.

கால் ஓய்ந்தால் லஸ் சர்ச் சாலையில் நாகேஸ்வரராவ் பூங்கா இருக்கிறது. நிழல் அடர்ந்த இடம். அமிர்தாஞ்சன் தைலத்தைத் தொடங்கிய காசிநாதுனி நாகேஸ்வரராவின் பெயர். சாலைக்குப் பெயர் கொடுத்த லஸ் மாதா கோயில் போர்த்துக்கீசியர் கட்டியது, 1516 என்பார்கள். காடாக இருந்த காலத்து ஞாபகத்தில் இன்றும் அதைக் காட்டுக் கோயில் என்கிறவர்கள் இருக்கிறார்கள்.

எந்த மாதத்தில் வந்தாலும் ஏதாவது ஒன்று நடந்துகொண்டிருக்கும். புரட்டாசியில் வடக்கு மாட வீதி முழுக்கக் கொலுப் பொம்மைக் கடைகள். மார்கழி விடியலில் மாட வீதிகளைச் சுற்றிப் பஜனை. பாபநாசம் சிவன் பாடி நடந்த தெருக்கள் இவை. எனக்குப் பிடித்தது பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள், அறுபத்து மூவர். நாயன்மார்கள் எல்லோரும் ஊர்வலமாக வருவார்கள். தெருவெங்கும் நீர்மோர், பானகம், சாப்பாடு. யார், எவர், எந்த ஊர் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் அன்றைக்குக் கட்டாயம் வெளியே வாருங்கள். முடிந்தால் உங்கள் வாசலிலும் ஒரு குடம் மோர் வையுங்கள். அக்கம்பக்கம் தானாகப் பழகிவிடும்.

கடைசியாகத் தெற்கு மாட வீதி. மூட்டை இதற்குள் காலியாகியிருக்கும். அதே பையை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு காய்கறிக் கடைகளைப் பார்த்தபடி நடங்கள். முதலிலேயே வாங்கிவிடாமல் கோடிவரை போய்விட்டுத் திரும்புங்கள், விலையும் தரமும் பிடிபடும். கிழங்கு, பூசணி அடியில்; தக்காளி நடுவில்; கீரை மேலே. போன வாரம் கீரைக்கார ஆயா என் பையைத் தொட்டுப் பார்த்து, "நல்லா கனமா இருக்கே, எங்கம்மா வாங்கின?" என்றார். பழைய விரிப்பு, நடைமேடைத் தையல்காரர் தைத்தது என்றேன். "எங்கிட்டயும் ஒரு விரிப்பு கெடக்கு, எவ்ளோ கேப்பான்?" என்று கேட்டுக்கொண்டே இரண்டு கட்டு அரைக்கீரையையும் ஒரு கொத்துக் கறிவேப்பிலையையும் மேலாக வைத்தார்.